எனக்குப் பாராட்டு விழா வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள், இதற்குப் பத்து நிமிடம் உட்கார மாட்டீர்களா? பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டு விழா நடத்தப்போவதாக 1998 பத்தாம் வகுப்பு செட் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம். ஃபிளெக்ஸ் மாதிரியை நேற்று குரூப்பில் பார்த்தேன். "61 வயதில் டெல்லி வரை சைக்கிளில் சென்ற சாதனைச் சிங்கப்பெண்" என்று போட்டு, என் முகத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு சிங்கத்தை வைத்திருக்கிறீர்கள். என் அண்ணன் மகன் அதற்குக் கீழே நூறு கைதட்டல் போட்டிருக்கிறான். கிளம்புவதற்கு முதல் நாள் வரை "அத்தை, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது" என்று சண்டை போட்டவன் அவன்தான்.

உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் விழா வேண்டாம். அடக்கத்தால் சொல்லவில்லை. "சாதனை" என்ற அந்த வார்த்தை தப்பு, அதனால் சொல்கிறேன். ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நான் செய்தது என்ன என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டுவிட்டு, 20-ம் தேதி விடியற்காலை நானும் என்னுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பி.இ.டி. டீச்சரும் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். திருச்சி, நாமக்கல், சேலம். அங்கிருந்து 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஜூன் 10 டெல்லி. 52 நாள். இதில் ஜான்சியிலிருந்து ஆக்ரா வரை ரயிலில் போனோம், சைக்கிள்கள் பார்சலில் வந்தன. வெயில் 45 டிகிரியைத் தாண்டியது, முடியவில்லை, ஏறிவிட்டோம். ஃபிளெக்ஸில் இதையும் போடுவீர்களா? தொப்பூர் ஏற்றத்தில் முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். ரயில் போக, மிதித்தது 2,200 கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாளுக்கு 50, அதிகம் போனால் 60.

ஒரு நாள் எப்படிப் போகும்? மூன்றரைக்கு எழுந்திருப்போம். நாலேகாலுக்குச் சைக்கிள் நகர்ந்துவிட வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு, மேலே பளபளக்கும் மஞ்சள் சட்டை. வெளுக்கும் வரை பேச்சே கிடையாது, காது முழுக்கப் பின்னால் வரும் லாரிச் சத்தத்தில்தான் இருக்கும். ஏழு மணிக்கு எங்கே கடை இருக்கிறதோ அங்கே சாப்பாடு. சேலம் வரை இட்லி, அனந்தபூரில் ராகிக் களி, தெலங்கானாவில் சோள ரொட்டி, விதர்பாவில் பாக்ரி, மத்தியப் பிரதேசத்தில் அவல் உப்புமா மாதிரி போஹா, அதோடு ஜிலேபி. ஒன்பதரை, பத்துக்குள் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கு முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தார் ரோடு அடுப்பு.

பத்திலிருந்து நாலரை வரை நிழல். தாபாவின் கயிற்றுக் கட்டில், கோயில் மண்டபம், பூட்டியிருக்கும் பள்ளிக்கூட வராந்தா. துணியை அலசிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். சாயங்காலம் இன்னும் பதினைந்து கிலோமீட்டர். இருட்டுவதற்குள் ஒரு லாட்ஜோ தர்மசாலையோ பிடித்து, வீட்டுக்காரருக்குப் போன் செய்து, கால் முட்டிக்கு எண்ணெய் தேய்த்து, எட்டரைக்குத் தூக்கம். வழியில் ஏழு பஞ்சர், இரண்டு டயர், ஒரு செயின். கழிப்பறைக்காகப் பெட்ரோல் பங்க்கில் சாவி கேட்டு நின்ற தடவைகளுக்குக் கணக்கே இல்லை.

நாற்பது வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு "இது கிருஷ்ணா, இது கோதாவரி" என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டினேன். கர்னூலில் துங்கபத்ரா, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, பர்மான் பக்கத்தில் நர்மதா. நர்மதா பாலத்தில் விடியும்போது நின்று அழுதேன். அதை மறைக்க மாட்டேன். அது எனக்கும் அந்த ஆற்றுக்கும் உள்ள விஷயம், அதற்கு மாலை போட வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வழியெல்லாம் எங்களை இரண்டு வகை மனிதர்கள் நிறுத்திப் பேசினார்கள். காரில் வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். ஆந்திராவில் "மொக்கா?" என்றார்கள், வடக்கே "மன்னத்தா?" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான், வேண்டுதலா என்று கேட்கிறார்கள். சாமிக்கு நேர்ந்துகொள்ளாமல் ஒரு கிழவி ஏன் சைக்கிள் மிதிக்கப் போகிறாள்? இல்லை என்றதும் "கிரேட், கிரேட்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு வகை, சைக்கிளில் வந்தவர்கள். பால் கேன் மாட்டியவர், புல்லுக்கட்டு ஏற்றியவர், இரவு வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கட்டட வேலைக்குத் தூக்குவாளியோடு போகும் பெண்கள். அவர்கள் ஒருவர்கூட "கிரேட்" என்று சொல்லவில்லை. "டயர் என்ன விலை? பாரம் எவ்வளவு? பின் பிரேக் பிடிக்குதா? முன்னால பாலத்துல வேலை நடக்குது, இடது பக்கமா இறங்கிப் போங்க" என்றார்கள். ஆதிலாபாத் தாண்டி ஒரு பெரியவர் என் சீட்டைத் தட்டிப் பார்த்து, அரை அங்குலம் உயர்த்திக் கொடுத்தார். மறுநாள் முட்டி வலி பாதியாகக் குறைந்தது. அவருடைய பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது.

அவர்களுக்கு என் பயணம் சாதனையாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் தினமும் அதே ரோட்டில், அதே வெயிலில், என்னைவிட அதிகப் பாரத்தோடு போகிறார்கள். நான் 52 நாள் போனேன். அவர்கள் முப்பது வருடமாகப் போகிறார்கள். யாரும் ஃபிளெக்ஸ் வைப்பதில்லை.

கணக்குச் சொல்கிறேன், டீச்சர் அல்லவா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் நூற்றுக்கு 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. அப்போது காரோ ஜீப்போ இருந்த வீடு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. விவசாயம் தவிர்த்த வேலைகளுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் தினமும் செய்யும் ஒரு காரியத்தை, ஓய்வூதியம் வாங்கும் ஒருத்தி கோடை விடுமுறை மாதிரி செய்துவிட்டு வந்தால் அது எப்படிச் சாதனையாகும்?

"சாதனை" என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது வாயை அடைக்கும் சொல். 2020 மே மாதம் ஊரடங்கில், ஜோதி குமாரி என்ற 15 வயதுப் பெண், அடிபட்ட தன் அப்பாவைப் பழைய சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து குருகிராமிலிருந்து பீகாரில் தர்பங்கா வரை சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போனாள். நாடே கைதட்டியது. சைக்கிள் கூட்டமைப்பு தகுதித் தேர்வுக்கு அழைத்தது. அமெரிக்க அதிபர் மகள்வரை பாராட்டினார். அந்தப் பெண்ணை அந்த நிலைக்கு ஆளாக்கியது யார் என்ற கேள்வி, அந்தக் கைதட்டலில் காணாமல் போனது. கையிலே காசில்லாமல், வண்டி இல்லாமல், சோறு இல்லாமல் ஊர் திரும்பியவளைச் சாதனையாளர் ஆக்கிவிட்டால், அவளுக்கு நாம் பஸ் விடாதது மறந்துவிடுகிறது.

இப்போது நான் பார்த்த ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். நாலுவழிச் சாலையில் ஓரமாக ஒன்றரை மீட்டர் தார் போட்ட விளிம்பு இருக்கும், அதுதான் சைக்கிளுக்கு மிச்சம். அதில் லாரி நிற்கும், மணல் கிடக்கும். நடுவே சுவர், சுவரில் திறப்பு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று. எதிர்ப்பக்கம் இருக்கும் வயலுக்குப் போக ஒருத்தர் ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வெயிலில் யார் சுற்றுவார்கள்? ஓரமாக எதிர்த்திசையில் வருவார்கள், அல்லது சைக்கிளைத் தூக்கிச் சுவரைத் தாண்டுவார்கள். அடிபட்டால் "தவறான திசையில் வந்தார்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்தத் திசையைத் தவறாக்கியது யார்? பைபாஸில் பஞ்சர் கடை உண்டு, லாரி டியூபுக்கு. சைக்கிள் டியூபுக்கு ஊருக்குள் போக வேண்டும். பெங்களூரு - மைசூரு புதுச் சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து சைக்கிள், மோட்டார் சைக்கிள், டிராக்டர் எதுவுமே நடுப்பாதையில் போகக் கூடாது. வேகமாகப் போகிறவர்களோடு மெதுவாகப் போகிறவர்களைக் கலக்கக் கூடாது என்பது சரிதான், ஆனால் மெதுவாகப் போகிறவர்களுக்கு நல்ல பாதையைக் கொடுத்துவிட்டு அல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

முடியாத காரியமா? அதற்கும் பதில் அதே 44-ம் எண் சாலையிலேயே இருக்கிறது. நாக்பூரிலிருந்து சிவனிக்குப் போகும் வழியில் பெஞ்ச் புலிக் காடு. அங்கே ரோட்டையே மேலே தூக்கி, கீழே விலங்குகள் போக 9 இடங்களில் வழி விட்டிருக்கிறார்கள். ஒன்று 750 மீட்டர் நீளம். சத்தம் கேட்காமலிருக்க ஓரத்தில் தடுப்பு வேறு. புலிகள் அதன் வழியே போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. மனிதர்கள் கோர்ட் வரை போய்ப் போராடி வாங்கியது அது. நான் மேலே மிதித்துக்கொண்டு போகும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, புலிக்கு வழி கிடைத்ததே என்று. கூடவே ஒரு பொறாமையும் வந்தது. நம் ஊர் பைபாஸில் ஒரு கிழவி கடக்க ஒரு வழி இல்லையே.

அந்தக் கிழவியைப் பற்றிச் சொல்லாமல் நான் எதற்கு இத்தனை எழுதினேன்?

உங்களில் பலருக்குத் தெரியும், நான் சைக்கிள் கற்றுக்கொண்டதே 28 வயதில். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தர வேண்டும் என்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரிப் பெண்கள், பூ விற்கிறவர்கள், நர்ஸ்கள், பாலர் பள்ளி டீச்சர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினோம். கேலி செய்யாத வாய் கிடையாது. நான் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு, அடுத்த மாதம் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். அப்படி என்னிடம் கற்றுக்கொண்ட முதல் ஆள் கல் உடைக்கும் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். விழுந்து முழங்கை கிழிந்து ரத்தம் வடிய, "விடாதீங்க டீச்சர், பிடிச்சுக்குங்க" என்று கத்துவார். நான் பத்தடிக்கு முன்பே கையை எடுத்திருப்பேன்.

பெயர் சொல்லவில்லை, அவர் குடும்பத்தார் இதைப் படிப்பார்கள். போன வருடம் ஐப்பசியில், பைபாஸில், பேரனுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்துபோனார். பேப்பரில் நாலு வரி: "சாலையைக் கடந்த மூதாட்டி பலி." நான் டெல்லி போய் வந்ததற்கு அதே பேப்பரில் போட்டோவோடு கால் பக்கம். இரண்டையும் வெட்டி என் மேஜையில் வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் சைக்கிள் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவருக்கு நாலு வரி. எனக்குச் சிங்கம்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. 2003-ல் ஸ்கூட்டி வாங்கியதும் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே போட்டேன். சைக்கிளில் வியர்த்து வழிந்து தாமதமாக வந்த பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்தவள் நான். பைபாஸ் வந்தபோது "இனி திருச்சிக்கு ஒரு மணி நேரம்தான்" என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அக்கா இறந்தபோது ஒரு மாலை அனுப்பினேன், அவ்வளவுதான். டெல்லிப் பயணமே அந்தக் குற்ற உணர்ச்சியில் கிளம்பியதுதான். மாடிப்படிக்குக் கீழே கிடந்த அந்தச் சைக்கிளைத்தான் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

சிலர் சொல்வீர்கள். என் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான்: "அக்கா, ரோடு வந்ததாலதான் ஊர் முன்னேறுச்சு, ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருது." உண்மை. ஹிங்கன்காட் பக்கத்தில் பி.இ.டி. டீச்சர் வெயிலில் மயங்கி விழுந்தபோது, அந்த நாலுவழிச் சாலைதான் ஆம்புலன்ஸைக் கால் மணி நேரத்தில் கொண்டுவந்தது. நான் ரோட்டுக்கு எதிரி இல்லை. அவரைக் காப்பாற்றிய அதே ரோடு அக்காவைக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் சொல்கிறேன். 2022-ல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இது விதி இல்லை. வழி விடாததன் விளைவு.

"ஆபத்தா இருக்கு, அதனாலதான் என் பொண்ணுக்குச் சைக்கிள் கொடுக்கறதில்ல டீச்சர்" என்கிறீர்கள். அரசு கொடுத்த பிளஸ் ஒன் சைக்கிள் எத்தனை பேர் வீட்டில் துருப்பிடிக்கிறது? ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பா பைக்கில் கொண்டுவிடுகிறார். பீகாரில் 2006-ல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். அங்கே பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்த சைக்கிளை, அறிவொளி நடந்த மண்ணில் நாம் கோழி அடைக்கப் பயன்படுத்துகிறோம். ரோடு ஆபத்து என்றால் ரோட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பெண்ணைப் பூட்டி வைக்காதீர்கள். நம் அம்மா காலத்தில் ஊர் வாய் ஆபத்து என்றார்கள், இப்போது லாரி ஆபத்து என்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கச் சொல்வது மட்டும் மாறவில்லை.

டெல்லிக்குள் நுழைந்த அன்று சீக்கியர்கள் ரோட்டோரத்தில் சபீல் வைத்திருந்தார்கள். ரோஸ் கலந்த குளிர்ந்த பால் தண்ணீர். நம் ஊர் நீர்மோர்ப் பந்தல் மாதிரிதான். ரிக்‌ஷாக்காரர், கார்க்காரர், நான், எல்லாருக்கும் ஒரே டம்ளர். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. வெயிலில் வருகிறவருக்குத் தாகம் இருக்கும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. ஒரு ஊர் சைக்கிளில் வருகிறவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை அதுதான்.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று. மண்டபத்து முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கு அங்கே பழைய சைக்கிள்களைக் கொண்டுவாருங்கள். துருப்பிடித்ததைச் சரிசெய்து ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவருவோம். உங்களில் மெக்கானிக் இரண்டு பேர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லித் திட்ட வைக்காதீர்கள்.

இரண்டு. பைபாஸில் அக்கா இறந்த இடத்தையும் சேர்த்து மூன்று இடத்தில் கடக்கும் வழியும் விளக்கும் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். சைக்கிளில்தான் போவேன். கூட எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பார்க்கிறேன். சாலைத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பீர்கள். மனுவில் தொழில்நுட்பப் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள். உங்கள் கணக்கு நோட்டை நான் எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன்.

மூன்று. அந்த ஃபிளெக்ஸை அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். வீணாக்க வேண்டாம். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். அதில் அக்கா பெயரை எழுதி, "இங்கே கடக்க வழி வேண்டும்" என்று எழுதி, அந்த இடத்தில் கட்டுங்கள். அவர் மகனிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு முன்னால் நிற்பேன். தாமதமாக வருகிறவர்களை இந்தத் தடவை வெளியே நிறுத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்